சீசனுக்கு முன்னாடி அம்பயர் பையைத் திறந்தேன்

போன ரெண்டு எபிசோடும் ஆன்-கால் ட்யூட்டி, நடுராத்திரி அலாரம், சர்வர் படுத்துக்கிட்ட கதைன்னு போச்சு. இன்னைக்கு லேப்டாப்பை மூடி வெச்சிடலாம். ஒரு பையைப் பற்றிப் பேசப் போறேன். நவம்பர்ல இருந்து கராஜ் மூலையில் கிடந்த, சக்கரம் வெச்ச ஒரு கறுப்புப் பை. உள்ளே இருக்கிறது பேஸ்பால் அம்பயருக்கான சாமான்.

புதுசா கேட்கிறவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நான் மத்திய நியூ ஜெர்சியில் இருக்கேன். பகலில் கோட் எழுதுறேன். ஏப்ரல் பிறந்துட்டா சனிக்கிழமை காலையும், வாரத்தில் ஒரு சாயங்காலமும், பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் ஆடுற மேட்ச்சில் அம்பயரா நிற்கிறேன். இது எப்படி ஆரம்பிச்சதுன்னா, மூணு வருஷம் முன்னாடி பக்கத்து வீட்டுப் பையனோட மேட்ச் பார்க்கப் போனேன். அன்னைக்கு அம்பயர் வரலை. "நீதான் கிரிக்கெட் ஆடுவியே, வா"ன்னு அவங்க அப்பா என்னை இழுத்து விட்டுட்டார். கவசம் எதுவும் இல்லாததால பிட்சருக்குப் பின்னாடி நிற்க வெச்சாங்க. ஆறு இன்னிங்ஸ். ரெண்டு முடிவு தப்பாச் சொன்னேன், அது எனக்கே தெரியும். ஆனா அடுத்த வாரமும் கூப்பிட்டாங்க. ஆள் பற்றாக்குறை அப்படி.

கிரிக்கெட் மட்டுமே பார்த்தவங்களுக்கு ஒரு விஷயம் புரியணும். நம்ம அம்பயர் எங்கே நிற்பார்? பவுலர் பக்கம், ஸ்டம்ப்புக்குப் பின்னாடி. பேட்ஸ்மேன் 22 கெஜம் தள்ளி. பேஸ்பால்ல ப்ளேட் அம்பயர் நிற்கிறது கீப்பருக்குப் பின்னாடி. கீப்பருக்கு இங்கே கேட்சர்னு பேர். அவர் தோளுக்கும் பேட்டருக்கும் நடுவுல இருக்கிற சின்ன சந்துல தலையை வெச்சு, குனிஞ்சு நின்னு, வர்ற பந்தை நேருக்கு நேர் பார்க்கணும். கிரிக்கெட்ல எட்ஜ் வாங்கின பந்து ஸ்லிப்புக்குப் போகும். இங்கே அதே எட்ஜ் அம்பயர் மூஞ்சிக்கு வரும். அதுக்கு ஃபவுல் டிப், ஃபவுல் பால்னு சட்டத்துல வேற வேற பேர் இருக்கு. மூஞ்சிக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

சின்னப் பசங்கதானேன்னு நினைக்காதீங்க. லிட்டில் லீக் அளவுல பிட்சர் நிற்கிற தூரம் 46 அடி. பெரியவங்க ஆட்டத்துல 60 அடி 6 அங்குலம். நல்லா வளர்ந்த 12 வயசுப் பையன் மணிக்கு 60 மைல் வேகத்துல போட்டா, பந்து கையை விட்டு நம்ம கிட்ட வர்றதுக்கு அரை செகண்ட்தான் ஆகும். பந்து எடை 145 கிராம் பக்கம். ஸ்கூல் பிசிக்ஸ் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட 52 ஜூல் வரும். வேகம் 90 மைல்னு ஆனா, வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனா அடி ரெண்டேகால் மடங்கு. அந்த ஸ்கொயர்தான் ஆளைக் கொல்லும்.

சரி, பைக்கு வர்றேன்.

மார்ச் ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை. கராஜ் தரையில பழைய பெட்ஷீட் ஒண்ணை விரிச்சு, எல்லாத்தையும் வெளியே எடுத்து வரிசையா வெச்சேன். மாஸ்க், செஸ்ட் ப்ரொடெக்டர், ஷின் கார்டு ரெண்டு, ப்ளேட் ஷூ, கப், பந்துப் பை, ப்ளேட்டைத் துடைக்கிற குட்டி பிரஷ், எண்ணிக்கை வெச்சுக்கிற கிளிக்கர். என் மனைவி எட்டிப் பார்த்துட்டு, "என்ன, ஆயுத பூஜை மார்ச்லயே வந்துடுச்சா? சந்தனம் குங்குமம் எடுத்துட்டு வரவா?"ன்னு கேட்டா. அந்த வாசனைக்குச் சாம்பிராணி போட்டிருந்தா தேவலை. பையோட அடியில போன அக்டோபர் மேட்ச்சோட லைன்-அப் கார்டு ஒண்ணு, மழையில நனைஞ்சு மை ஊறி, கூழா கிடந்தது.

இந்தப் பழக்கத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பெரியவர். பேர் சொன்னா அவருக்குப் பிடிக்காது. எழுபது தாண்டினவர், தபால்காரரா இருந்து ரிட்டையர் ஆனவர், முப்பது வருஷத்துக்கு மேல ப்ளேட்டுக்குப் பின்னாடி நின்னவர். முட்டி போனதால விட்டுட்டார். விடும்போது தன்னோட மாஸ்க்கை எனக்குக் கொடுத்தார். இரும்புக் குழாயில செஞ்ச பழைய மாடல், உள்ளே தோல் பேட். அதோட ஒரு நிபந்தனையும் போட்டார். "ஒவ்வொரு சீசனுக்கும் முன்னாடி பகல் வெளிச்சத்துல பாரு, ட்யூப் லைட்ல பார்க்காதே."

நான் ரெண்டு வருஷம் ட்யூப் லைட்ல பார்த்தேன். பார்த்தேன்னு சொல்றதே கொஞ்சம் அதிகம். எடுத்து, மாட்டி, சரியா இருக்குன்னு திரும்ப வெச்சேன். நம்ம ஆபீஸ்ல "என் மெஷின்ல ஓடுதே"ன்னு ஒரு வேதவாக்கு இருக்கு இல்லையா, அந்த ஜாதி.

இப்போ போன வருஷம் ஜூன்ல நடந்ததைச் சொல்லணும். நாலாவது இன்னிங்ஸ். பேட்டர் கொஞ்சம் லேட்டாச் சுத்தினான். பந்து பேட்டோட மேல் விளிம்புல உரசி, நேரா என் இடது தாடைக்கு வந்தது. மாஸ்க்லதான் பட்டது. கோயில் மணிக்குள்ள தலையை விட்டு யாரோ அடிச்ச மாதிரி ஒரு சத்தம். நான் கீழே விழலை. ஒரு கோச் ஓடி வந்து "ப்ளூ, ஆர் யூ ஓகே?"ன்னு கேட்டார். இங்கே அம்பயரை ப்ளூன்னுதான் கூப்பிடுவாங்க, நீலச் சட்டையால வந்த பேர். நான் அவர்கிட்ட "ஒண்ணும் இல்லை சார், ஒண்ணும் இல்லை"ன்னு தமிழ்ல பதில் சொன்னேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அப்புறம் சொல்லிச் சிரிச்சார். அதைக் கேட்டு நானும் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது.

அந்த நேரத்துல கேட்சரா இருந்த 12 வயசுப் பையன் ஒண்ணு பண்ணினான். டைம் கேட்டுட்டு, மெதுவா நடந்து பிட்சர் கிட்டப் போனான். ஏதோ பேசற மாதிரி நின்னான். திரும்பி அதே மாதிரி மெதுவா வந்தான். எனக்கு மூச்சு வாங்க நேரம் கொடுக்கிறான். பேஸ்பால்ல இது எழுதாத ஒரு மரியாதை. அம்பயருக்கு அடிபட்டா கேட்சர் போய் நேரம் கடத்துவார். கேட்சருக்கு அடிபட்டா அம்பயர் சுத்தமா இருக்கிற ப்ளேட்டையே திரும்பத் திரும்பப் பிரஷ்ல துடைப்பார். அந்தப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்களோ தெரியாது.

மூணு நாள் தலைவலி. ஸ்க்ரீன் வெளிச்சத்தைக் குறைச்சு வெச்சு வேலை பார்த்தேன். வீட்டில் சொல்லலை, டாக்டர்கிட்டப் போகலை. ரெண்டுமே முட்டாள்தனம். தலையில அடி வாங்கினவன் வேற மொழியில பதில் சொன்னாலே அன்னைக்கு ஆட்டத்தை விட்டு வெளியே உட்காரணும், டாக்டரைப் பார்க்கணும். அதே களத்துல ஒரு பிள்ளைக்கு அப்படி ஆகியிருந்தா நானே வெளியே அனுப்பியிருப்பேன். எனக்குன்னு வரும்போது கேட்டை விரிச்சுப் போட்டு வெச்சிருந்தேன்.

அதே மாஸ்க்கோட அதுக்கப்புறம் ஒன்பது மேட்ச் நின்னேன்.

மார்ச் மாசம் அந்த ஞாயிற்றுக்கிழமை, பெரியவர் சொன்ன மாதிரி முதல் தடவையா மாஸ்க்கை வாசலுக்கு எடுத்துட்டுப் போனேன். முதல்ல பேட் ரெண்டையும் கழற்றணும். அவை வெல்க்ரோல மாட்டியிருக்கும், கழற்றினாத்தான் சட்டம் முழுசாத் தெரியும். அப்புறம் சட்டத்தைச் சமமான மேசையில வெச்சு ஆட்டிப் பார்க்கணும். கால் சரியில்லாத ஸ்டூல் மாதிரி ஆடினா எங்கேயோ வளைஞ்சிருக்கு. என்னோடது ஆடலை. அதுக்கப்புறம், கம்பியும் கம்பியும் சேர்ற ஒவ்வொரு வெல்டிங் இடத்திலேயும் நகத்தை ஓட்டிப் பார்க்கணும். பஞ்சை வெச்சும் தடவலாம், பிசிறு இருந்தா பஞ்சு மாட்டிக்கும்.

இடது தாடைப் பக்கம், கீழே இருந்து ரெண்டாவது வெல்டிங்ல நகம் நின்னுச்சு.

அங்கே பழுப்பு நிறத்துல ஒரு கோடு. தலைமுடி மொத்தம். சத்தியமாச் சொல்றேன், அந்தக் கோட்டை நான் போன வருஷமே பார்த்திருக்கேன். ப்ளேட்டைச் சுத்தி இருக்கிற செம்மண் ஒட்டியிருக்குன்னு நினைச்சேன். களத்துல எல்லாத்துலயும் அந்த மண்தான் ஒட்டியிருக்கும். இப்போ ஈரத்துணியால துடைச்சேன், போகலை. பெயின்ட் விரிஞ்சு, உள்ளே தண்ணி இறங்கி, துரு. ஜூன் மாசம் வாங்கின அடியில வெல்டிங் விட்டிருக்கு. ரெண்டு விரல்ல அழுத்திப் பார்த்தா அந்தக் கம்பி லேசா நகர்ந்தது. அதே இடத்துல இன்னொரு பந்து வந்திருந்தா, அந்தக் கம்பி உள்பக்கம் மடிஞ்சு எங்கே போயிருக்கும்னு யோசிச்சேன். என் தாடை அங்கேதான் இருக்கும்.

ஒன்பது மேட்ச். ஒவ்வொண்ணும் நூத்தம்பது பந்துக்குக் குறையாது.

பெரியவருக்கு போன் பண்ணினேன். அவர் திட்டுவார்னு நினைச்சேன். "எந்த மேட்ச்ல அடி விழுந்தது?"ன்னு மட்டும் கேட்டார். ஜூன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "வெல்டிங் வெச்சு ஒட்டலாம்னு எவனாவது சொல்வான், கேட்காதே. குப்பையில அப்படியே போடாதே, வேற எவனாவது எடுத்து மாட்டிப்பான். ரம்பம் வெச்சு அறுத்துப் போடு"ன்னார். முப்பது வருஷம் அவர் முகத்துல இருந்த மாஸ்க். நான் ரம்பத்தை எடுத்து நடுக்கம்பியை அறுத்தேன். அரை மணி நேரம் ஆச்சு. தோல் பேட் ரெண்டை மட்டும் வெச்சுக்கிட்டேன். புது சட்டத்துல அது பொருந்தாது, இருந்தாலும் வெச்சுக்கிட்டேன்.

புது மாஸ்க் வாங்கும்போது எல்லாரும் தப்புப் பண்ற ஒரு இடம் இருக்கு. ஹார்னஸ், அதாவது தலைக்குப் பின்னாடி போற பட்டை. பாதுகாப்புன்னு நினைச்சு இறுக்கி மாட்டுவாங்க. உண்மையில அது கொஞ்சம் தளர்வா இருக்கணும். பந்து படும்போது மாஸ்க் சுத்தணும், நகரணும், சில சமயம் கழன்றே விழணும். அப்போ அடியோட சக்தியில ஒரு பங்கு அந்த அசைவுல போயிடும். இறுக்கி மாட்டினா மொத்தமும் கழுத்துக்கும் தலைக்கும் வந்து சேரும். ஆனா நாலு மாசம் கராஜ்ல கிடந்த எலாஸ்டிக், தளர்வா இருக்கிறதும் செத்துப் போயிருக்கிறதும் வேற வேற. மாட்டிக்கிட்டு தலையை வேகமா இடமும் வலமும் திருப்புங்க. கண்ணு முன்னாடி கம்பி வந்து மறைச்சா அது செத்த எலாஸ்டிக்.

மாஸ்க்குக்குக் கீழே ஒரு நாக்கு மாதிரி தொங்கும், தொண்டைக் கார்டு. அது எப்படி வந்ததுன்னு தெரிஞ்சா யாரும் கழற்ற மாட்டாங்க. 1976ல டாட்ஜர்ஸ் டீமோட கேட்சர் ஸ்டீவ் யேகர், அடுத்ததா பேட் பண்ணக் காத்துக்கிட்டு நின்னார். ஆடிக்கிட்டிருந்த பில் ரஸ்ஸலோட பேட் உடைஞ்சு, ஒரு சில்லு பறந்து வந்து யேகரோட தொண்டையில குத்திடுச்சு. பிழைச்சுக்கிட்டார். அவர் திரும்ப ஆட வரும்போது, டீமோட ட்ரெய்னர் பில் பூலர் மாஸ்க்குக்கு அடியில தொங்குற மாதிரி ஒரு தகடு செஞ்சு கொடுத்தார். அதோட பேரப்பிள்ளைதான் இன்னைக்கு எல்லார் கழுத்துலயும் ஆடுது.

மாஸ்க்குக்கே ஒரு கதை இருக்கு. ஹார்வர்ட்ல படிச்ச ஃப்ரெட் தேயர், வாள்சண்டை முகமூடியை மாத்திச் செஞ்சு 1878ல பேட்டன்ட் வாங்கினார். அப்போ ஆளுங்க அதைப் பறவைக் கூண்டுன்னு கிண்டல் பண்ணியிருக்காங்க. மார்புக் கவசத்துக்கு ரொம்ப வருஷம் சண்டை. அமெரிக்கன் லீக் அம்பயர்கள் காத்தடைச்ச மெத்தை மாதிரி ஒண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு நிற்பாங்க. நேஷனல் லீக்ல பில் க்ளெம்னு ஒரு பெரிய அம்பயர், சட்டைக்கு உள்ளே போடுற கவசத்தைப் பழக்கத்துக்குக் கொண்டு வந்தார். 1977ல இருந்து அமெரிக்கன் லீக்ல புதுசா வர்றவங்க உள்கவசம்தான் போடணும்னு ஆச்சு. பழைய ஆளுங்க மட்டும் வெளிக்கவசத்தையே வெச்சுக்கலாம். அப்படிக் கடைசி வரை பிடிச்சுக்கிட்டு நின்னவர் ஜெர்ரி நியூடெக்கர். 1985ல அவர் ரிட்டையர் ஆனதோட அந்த மெத்தையும் ரிட்டையர்.

நம்ம ஊர் கதையும் ஒண்ணு இருக்கு. 2015 டிசம்பர்ல திண்டுக்கல்ல ரஞ்சி மேட்ச், தமிழ்நாட்டுக்கும் பஞ்சாப்புக்கும். ஆஸ்திரேலியாவில இருந்து வந்திருந்த ஜான் வார்ட் அம்பயர். பேட்ஸ்மேன் நேரா அடிச்ச பந்து அவர் தலையில பட்டு விழுந்துட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அடுத்த மாசம் கான்பெராவில இந்தியா–ஆஸ்திரேலியா ஒருநாள் மேட்ச்ல அவர் ஹெல்மெட் போட்டுக்கிட்டு வந்து நின்னார். டிவியில பார்த்த நாங்க எல்லாரும் சிரிச்சோம். ஹாஸ்டல்ல அன்னைக்கு நான் அடிச்ச ஜோக் இன்னும் ஞாபகம் இருக்கு, அதை இங்கே சொல்ல மாட்டேன்.

இந்த மாஸ்க் முன்பக்கம் மட்டும்தான் காக்கும், அதையும் சொல்லிடறேன். காது, பின்மண்டை எல்லாம் திறந்தே இருக்கும். பந்து வர்றதைப் பார்த்து முகத்தைத் திருப்பினா, கவசம் இல்லாத பக்கத்தைக் காட்டுறோம்னு அர்த்தம். அதனால முதல் நாள் ட்ரெய்னிங்ல கத்துக் கொடுக்கிறதே திரும்பாதே, கண்ணை மூடாதேன்னுதான். மனுஷ உடம்பு இதுக்கு எதிராப் பழகியிருக்கு. மாஸ்க் மேல முழு நம்பிக்கை இருந்தாத்தான் முகத்தைத் திருப்பாம நிற்க முடியும். நான் ஒன்பது மேட்ச் முழு நம்பிக்கையோட நின்னிருக்கேன்.

செஸ்ட் ப்ரொடெக்டர்ல நான் பார்க்கிறது ஃபோம். கட்டை விரலால நல்லா அழுத்தி விட்டா உடனே எழும்பணும். பழைய தலையணை மாதிரி பள்ளமாவே இருந்தா மாத்திடணும். அப்புறம் உயரம். காலர் எலும்பு மறையணும். புதுசா வர்றவங்க பை மாதிரி தொங்க விட்டுக்குவாங்க, எலும்பு ரெண்டும் வெளியே நிற்கும். இன்னொரு பயமும் இருக்கு. இதயத்துக்கு நேரா, துடிப்போட ஒரு குறிப்பிட்ட நொடித்துளியில அடி விழுந்தா, எலும்பு உடையாமலே இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்னுடலாம். கமோஷியோ கார்டிஸ்னு பேர். அபூர்வம்தான். ஆனா வளர்ற பிள்ளைகளுக்குத்தான் அதிகமா வருது. ஸ்கூல் லெவல்ல கேட்சர் கவசத்துக்கு இதுக்காகவே தனித் தரம் கட்டாயமாக்கியிருக்காங்க. களத்துல டிஃபிப்ரிலேட்டர் பெட்டி எங்கே இருக்கு, அந்தப் பூட்டுக்குச் சாவி யார்கிட்ட இருக்கு, இதையும் நான் இப்போ உபகரணச் சோதனையிலேயே சேர்த்துட்டேன். எங்க களத்துல சாவி வெச்சிருந்தவர் ஊரை விட்டே போயிட்டார். புதுச் சாவி வாங்க மூணு ஈமெயில் ஆச்சு.

ஷின் கார்டு, கொக்கி வெளிப்பக்கம் வர்ற மாதிரி மாட்டணும். உள்பக்கம் வெச்சா ஓடும்போது ஒரு காலோட கொக்கி இன்னொரு காலோட மாட்டிக்கும். எனக்கு ஆயிருக்கு. ரெண்டு டீமும் கை தட்டினாங்க. கப் பற்றி எல்-கார்டு போட்ட ஜனத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விரிசல் இருந்தா தூக்கிப் போடுங்க, இதுல சென்டிமென்ட் வேண்டாம்.

ஷூதான் எனக்குப் பிடிச்ச வேலை. ப்ளேட் ஷூவுக்கு முன்னாடி இரும்புத் தொப்பி, மேலே பாதத்தை மூடுற ஒரு தகடு. தையல் விட்டிருக்கா, அடி பிரிஞ்சிருக்கான்னு பார்த்துட்டு பாலிஷ் போடணும். திங்கட்கிழமை அசெம்ப்ளிக்குக் கேன்வாஸ் ஷூவுக்கு வெள்ளை பாலிஷ் போட்டு, அவசரத்துக்குச் சாக்பீஸ் தேய்ச்ச தலைமுறை நாம. இருபது வருஷம் கழிச்சு நியூ ஜெர்சியில உட்கார்ந்து கறுப்பு பாலிஷ் தேய்க்கிறேன். பி.டி. சார் பார்த்தா சந்தோஷப்படுவார்.

எதுக்கு இவ்வளவு மினுக்கணும்? இதைக் கொஞ்சம் வெளிப்படையாப் பேசறேன். என் நிறம், என் உச்சரிப்பு, இந்த ஆட்டத்துல பிறக்காத ஆளு. முதல் வருஷம் நீலச் சட்டையைச் சுருக்கத்தோட போட்டுக்கிட்டு, ஜீன்ஸ் கலர்ல ஒரு பேன்ட்டோட போனேன். முதல் பந்துக்கு முன்னாடியே ஒரு அப்பா கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து, "இவருக்கு ரூல் தெரியுமா?"ன்னு கேட்டார். மெதுவாக் கேட்கலை. பெரியவர் அன்னைக்கு சாயங்காலம் சொன்னது ஒண்ணுதான்: "சட்டையை இஸ்திரி போடு. சாம்பல் நிற பேன்ட் வாங்கு. பெல்ட் கறுப்பு. ஷூ மின்னணும். நீ வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி பாதி வாக்குவாதம் முடிஞ்சிருக்கும்." முழுசா முடியலை. ஆனா குறைஞ்சது. எல்லாருக்கும் தேவைப்படாத இஸ்திரி எனக்கு மட்டும் ஏன் தேவைன்னு ஒரு எரிச்சல் இருக்கு, அது போகலை. எரிச்சலோடயே இஸ்திரி போடறேன்.

சட்டை ரெண்டு கலர்ல வெச்சுக்கணும், நீலம் ஒண்ணு, கறுப்பு ஒண்ணு. கூட நிற்கிற அம்பயர் எது போடறாரோ அதையே போடணும். ப்ளேட் பேன்ட் கால் அகலமா இருக்கும், ஷின் கார்டுக்கு மேல இறங்கணும். தொப்பியோட முன்விளிம்பு குட்டையா இருக்கணும், இல்லைன்னா மாஸ்க்கைக் கழற்றும்போது தொப்பியும் சேர்ந்து பறக்கும். மாஸ்க்கை இடது கையாலதான் கழற்றணும், வலது கை சிக்னலுக்கு. இதை நான் பாத்ரூம் கண்ணாடி முன்னாடி ஐம்பது தடவை பழகியிருக்கேன். எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு கடைசியா ஒரு டெஸ்ட் இருக்கு, குனிஞ்சு உட்காரணும். பொங்கலுக்கு அப்புறம் என் இடுப்பு எங்கே போச்சுன்னு அப்போதான் தெரிஞ்சது. பட்டன் தெறிச்சு ட்ரையருக்கு அடியில போயிடுச்சு. மேட்ச்ல தெறிக்காம வீட்ல தெறிச்சது நல்லது.

இதோட முடிஞ்சிருக்கும். ஆனா அந்த மாஸ்க் மனசை விட்டுப் போகலை. என் மாஸ்க்கைப் பார்க்க எனக்கு நான் இருக்கேன். எங்க லீக்ல சின்னப் பிள்ளைகள் மேட்ச்சுக்கு அம்பயரா நிற்கிறது பதினாலு, பதினைஞ்சு வயசுப் பசங்க. சொந்தமா சாமான் கிடையாது. களத்து ஷெட்ல இருக்கிற பொது செட்டை எடுத்துப் போட்டுக்குவாங்க. அதை யார் பார்க்கிறாங்கன்னு கேட்டேன். ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் பேரைச் சொன்னாங்க.

சாவி வாங்கித் திறந்தேன். ஆறு செட். ஒரு செஸ்ட் ப்ரொடெக்டரை எலி குடைஞ்சு கூடு கட்டியிருந்தது. ரெண்டு மாஸ்க்ல தொண்டைக் கார்டே இல்லை. ஒண்ணுல இருக்கு, ஆனா கேபிள் டையால கட்டி, அந்த டையும் வெயில்ல வெளிறி, தொட்டதும் உடைஞ்சது. ஒரு மாஸ்க்கை மேசையில வெச்சேன், ஆடுச்சு. அதை மாட்டிக்கிட்டுப் போன அக்டோபர்ல நின்னது யாருன்னு எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புப் பொண்ணு. கணுக்கால் வரை இறங்குற செஸ்ட் ப்ரொடெக்டர்னு அவளைக் கிண்டல் பண்ணுவோம். அளவு பெருசு, பட்டையைச் சுருக்கிக் கொடுக்க யாருக்கும் தோணலை. எனக்கும் தோணலை.

போட்டோ எடுத்து, ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டு, கமிட்டிக்கு அனுப்பினேன். இந்த வருஷம் பட்ஜெட் முடிஞ்சுது, அடுத்த வருஷம் பார்க்கலாம்னு பதில். என் பழைய மாஸ்க்கை அறுத்த துண்டை எடுத்துக்கிட்டு மீட்டிங்குக்குப் போனேன். விரிசல் இருந்த துண்டு. மேசையில வெச்சேன், ஒவ்வொருத்தர் கையா மாறிப் போச்சு. நகத்தை ஓட்டிப் பாருங்கன்னு மட்டும் சொன்னேன். ரெண்டு புது மாஸ்க்கும் ஒரு செஸ்ட் ப்ரொடெக்டரும் வாங்க ஒத்துக்கிட்டாங்க. தொண்டைக் கார்டு விலை கம்மி, அதை நானே வாங்கி மாட்டிட்டேன். ஆடுற மாஸ்க்கையும் அறுத்தாச்சு. இந்தத் தடவை எனக்குப் பழகிடுச்சு, இருபது நிமிஷம்தான்.

கணக்குப் போட்டா இன்னும் ஒரு செட் குறையுது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூணு களத்திலேயும் ஒரே நேரத்துல மேட்ச். அந்தப் பொண்ணு ரெண்டாம் களத்துல ப்ளேட். என் புது மாஸ்க்கை அவளுக்குக் கொடுக்கிறேன். நேத்து சாயங்காலம் அவங்க அம்மாவோட வந்து மாட்டிப் பார்த்தா. ஹார்னஸை ரெண்டு துளை தளர்த்தினோம். தலையை இடமும் வலமும் திருப்பிப் பார்த்துட்டு, வெல்டிங்ல எல்லாம் நகத்தை ஓட்டினா. நான் சொல்லித் தர்றதுக்கு முன்னாடியே. மீட்டிங்ல அவங்க அப்பா இருந்திருக்கார் போல.

நான் அன்னைக்குப் பேஸ்ல நிற்கிறேன். அங்கே மாஸ்க் வேண்டாம், நீளமான தொப்பி போதும். மழை வரும்னு போட்டிருக்கான், பார்க்கலாம். அடுத்த எபிசோட்ல திரும்ப சர்வர் கதைக்கு வந்துடலாம். வரட்டுமா?